மடிடா, குமாரு
அத்தியாயம் 14

கதவு தட்டப்படும் சத்தத்தோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். வாரம் முழுக்க அந்தக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். இனி திறக்காமல் முடியாது.

என் கணவர் அரவிந்தன் இறந்துவிட்டார் என்பது உங்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரியும். எப்படி என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் நாங்கள் குடியிருந்த கீழ்ப் போர்ஷன். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் லேப்டாப் முன்னால் இருந்தார். காலையில் பெருங்கூட்டத்தோடு ஆரம்பித்த ஆன்லைன் போக்கர் போட்டி, கடைசி மேசைக்கு வந்திருந்தது. ஒன்பது பேர் மிச்சம். அதில் கடைசிவரை மிஞ்சும் மூன்று பேருக்குக் கோவாவில் நேரில் நடக்கும் பெரிய போட்டிக்கு டிக்கெட். அந்த ஆட்டங்களையெல்லாம் இப்போது சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு இருந்தது.

அவர் அந்த ஆட்டத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை தோறும் ஆன்லைன் வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு சொல் வைத்திருந்தார். கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுவது ‘உருட்டு’. தோற்ற எரிச்சலில் புத்தி கெட்டு ஆடுவது ‘சூடு’. சீட்டைப் போட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து, அதாவது அந்தச் சுற்றிலிருந்து, விலகிக்கொள்வது ‘மடி’. மற்ற எல்லாரும் ‘ஃபோல்டு’ என்பதை இவர் மட்டும்தான் அப்படிச் சொல்வார்.

“மூணு பேருக்கு டிக்கெட்னா, முதல்ல வர்றவனுக்கும் மூணாவது வர்றவனுக்கும் ஒரே டிக்கெட்தான். அப்புறம் எதுக்குய்யா ஜெயிக்கணும்? மிஞ்சினாப் போதும். கையில ராஜா வந்தாலும் மடி.” வகுப்பில் இதை அவர் சொல்லாத வாரம் இல்லை.

நாள் முழுக்க ‘மடி, மடி’ என்று முணுமுணுப்பது மாடியில் இருந்த வீட்டுக்காரர் ரங்கநாதன் காதில் விழுந்திருக்கிறது. கோயில் கைங்கரியத்துக்குப் போகும் மனிதர். ஒருநாள் ஜன்னலருகே நின்று கேட்டார்.

“ஏம்மா வேணி, உன் ஆத்துக்காரன் சதா ‘மடி’ங்கறானே? இந்த வயசுல இவ்வளவு ஆசாரமா ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை!”

இவர் முகத்தில் சிரிப்பே இல்லை. “ஆமாங்க சாமி. எதையும் தொடாம இருக்கறதுதாங்க கஷ்டம்.”

கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வீட்டில் என்னைத் தவிர அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொண்டவன் இவருடைய தம்பி ஜெயக்குமார். வீட்டில் குமார். திருவெறும்பூரில் ஒரு காண்டிராக்டரிடம் பைப் ஃபிட்டர். முன்கோபி. திருவானைக்காவல் சிக்னலில் ஒரு ஆட்டோக்காரரின் சட்டையைப் பிடித்து, மூக்கை உடைக்கக் கையை ஓங்கியவன். பைக்கின் பின்சீட்டிலிருந்து இவர் மெதுவாக “மடிடா” என்றார். ஓங்கிய கை இறங்கியது. அதற்கப்புறம் அது அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. வேறு யார் என்ன சொன்னாலும் அடங்காதவன், அந்த ஒரு சொல்லுக்கு அடங்குவான்.

சரி. கதவு.

திறந்தேன். வீரமலை செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

தொட்டியத்துக்காரன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, பையன்களை உட்கார வைத்து ஆட வைப்பவன். தனித்தனி ஆட்களைப் போல ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் சீட்டை ஒருவர் சொல்லிக்கொண்டு ஆடுவார்கள். வெளியாள் யாருக்கும் அது தெரியாது. முந்தைய நாள் வகுப்பில் இவர் அதைப் படம் போட்டுக் காட்டிவிட்டார். “இந்த ரெண்டு பேரும் எத்தனை கை போனாலும் ஒருத்தரை ஒருத்தர் அடிக்கவே மாட்டாங்க, பாருங்க.” அன்று சாயங்காலமே ஆட்டத்தை நடத்தும் கம்பெனி அந்த இரண்டு கணக்குகளையும் முடக்கிவிட்டது.

வீரமலை கையில் வாழைத்தார் வெட்டும் கத்தி இருந்தது. அவனுக்குப் பின்னால் ஸ்டீபன்ராஜ். மெலிந்த இளைஞன், இன்ஜினியரிங் படித்தவன். அவன் காதில் போன். லாட்ஜிலிருந்து அவர்களுடைய ஆள் ஒருவன் லைனில் இருந்தான். ‘காவிரிப்புலி’ என்ற பெயரில் இவரோடு அதே கடைசி மேசையில் ஆடிக்கொண்டிருந்தவன்.

“அக்கா, சத்தம் போடாதீங்கக்கா,” என்று சொல்லிக்கொண்டே ஸ்டீபன்ராஜ் என் வாயைப் பொத்தினான்.

நான் கடித்தேன். வீரமலை திரும்பி என் கன்னத்தில் அறைந்தான். சுவரில் தலை மோதி, காதுக்குள் ரீங்காரம் கேட்டது. அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது.

“அவளை விடு,” என்றார் இவர். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். “என்ன வேணும் உனக்கு?”

“ரெண்டு கணக்கை முடக்கிட்டேல்ல? மூணாவது ஆள் உள்ள இருக்கான். உன் காசுக் குவியல் மொத்தமும் அவனுக்குப் போகணும். அவன் எல்லாத்தையும் நடுவுல தள்ளுவான். நீ என்ன குப்பை வச்சிருந்தாலும், அவன் வச்ச அளவு நீயும் வச்சு ஒத்துக்கற. அவ்வளவுதான். அப்புறம் நாங்க கிளம்பிடுவோம்.”

“முடியாதுன்னா?”

வீரமலை இவருடைய இடது கையை மேசை மேல் விரித்து வைத்தான்.

“வலது கை எனக்கு வேணும். கிளிக் பண்ணணும். இது வேண்டாம்,” என்றான்.

திரையில் சீட்டு விழுந்தது. காவிரிப்புலி எல்லாவற்றையும் தள்ளினான். இவர் முறை வந்தது. நேரம் ஓடியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே அழுத்தினார். சீட்டு மறைந்தது. விலகிவிட்டார்.

கத்தியின் முதுகு சுண்டுவிரலில் இறங்கியது.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அவர் கத்தவில்லை. நான்தான், பொத்திய கைக்குள் கத்தினேன்.

“அடுத்த கை,” என்றான் வீரமலை.

அடுத்த கையிலும் காவிரிப்புலி தள்ளினான். இவர் மறுபடியும் விலகினார். மோதிர விரல். மோதிரம் சதைக்குள் நெளிந்துபோனது. மேசை விரிப்பில் ரத்தம் பரவி லேப்டாப் பக்கம் ஓடியது. வீரமலையே தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தான். மெஷினில் பட்டுவிடக் கூடாதாம்.

“ஏண்டா, பைத்தியமாடா நீ? கோவாவுல அப்படி என்னடா இருக்கு?”

“நான் ஒரு தடவை உனக்குத் தள்ளிவிட்டா, அடுத்த வாரம் நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கறது?” அவருக்கு மூச்சு வாங்கியது. “தம்பி, அந்த அடுப்பை அணைச்சிடுப்பா. வீடு பத்திக்கும்.”

ஸ்டீபன்ராஜ் உண்மையிலேயே ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மறுபடியும் என்னைப் பிடித்துக்கொண்டான். அவன் சமையலறைக்குள் இருந்தபோது அடுத்த கைக்குச் சீட்டு விழுந்துவிட்டது.

இரண்டு ராஜா.

எனக்கே தெரியும், அது எப்படிப்பட்ட கை என்று. வீரமலைக்கும் தெரிந்தது. இவர் மட்டும் ஒத்துக்கொண்டால் காவிரிப்புலி காலி. “தள்ளாதேன்னு சொல்லுடா!” என்று கத்தினான். ஸ்டீபன்ராஜ் போனில் சொல்வதற்குள், பழகிய கையாக, காவிரிப்புலி எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டிருந்தான்.

“வேணாம்டா. இதை ஆடாத. விட்டுடு, விட்டுடு!” வீரமலை பதறினான். கத்தி இப்போது இவர் கழுத்தில் இருந்தது.

இவர் சிரித்தார். பல்லெல்லாம் ரத்தம், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இப்பதான்யா நீ ஒழுங்கா வகுப்புக்கு வர்ற. நானே அதைத்தான் பண்ணப் போறேன்.” ராஜாக்களை விட்டு விலகினார்.

அவருக்கு அடுத்து ஒரு ஆள் இருந்தார். எந்த ஊரோ, முகம் தெரியாதவர். காவிரிப்புலியைவிடப் பெரிய குவியல். அவர் ஒத்துக்கொண்டார். சீட்டைத் திருப்பினால், இரண்டு ஏஸ். ராஜாவையும் அடிக்கிற சீட்டு.

காவிரிப்புலியின் நாற்காலி திரையில் காலியானது.

ஸ்டீபன்ராஜின் போனிலிருந்து “அண்ணே… அண்ணே…” என்று ஒரு குரல் கீச்சிட்டது.

பிறகு வீரமலை கத்தியை வெட்டுவாய்ப் பக்கம் திருப்பிப் பிடித்தான். முதல் வீச்சு இவர் தோளில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தார். இரண்டாவது வீச்சைக் கையால் தடுத்தார். முழங்கைக்குக் கீழே சதை வாழைமட்டை போலப் பிளந்தது. நான் ஸ்டீபன்ராஜின் முழங்காலில் உதைத்து விடுபட்டு, வீரமலையின் முதுகில் ஏறித் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். அவன் என்னை உதறினான். அலமாரிக் கண்ணாடி என் மேல் நொறுங்கியது.

அப்போது வாசலில் பைக் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை முடித்துவிட்டு எங்கள் வீட்டில்தான் குமார் சாப்பிடுவான். டூல் பையோடு உள்ளே வந்தவன், “என்னண்ணி, அப்பளம் கருகுன வாசனை தெரு முனை வரைக்கும்…” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

பையிலிருந்து அவன் பைப்பை முறுக்கும் கனமான இரும்பு ரிஞ்சை எடுத்ததை நான் பார்க்கவே இல்லை. வீரமலையின் மணிக்கட்டில் அது விழுந்ததைத்தான் பார்த்தேன். எலும்பு முறிந்தது. கத்தி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்த அடி விலாவில். வீரமலை மல்லாந்து விழுந்தான். குமார் அவன் மார்பில் முழங்காலை ஊன்றினான்.

“எங்கண்ணன் மேல கை வச்சியாடா? அந்தக் கையை இனிமே எதுக்கும் தூக்க மாட்டடா நீ!”

முகத்தில் குத்தினான். மறுபடியும். மறுபடியும். வீரமலையின் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. குத்துவது போதவில்லை என்பது போல ரிஞ்சை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினான். அது இறங்கினால் மண்டை இரண்டாகும். அவன் முகத்தைப் பார்த்தேன். இறக்கத்தான் போகிறான்.

ரத்தம் வழிய வழிய இவர் எழுந்தார். இருந்த தெம்பையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

“மடிடா! குமாரு, மடிடா!”

மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

குமாரின் கை அந்தரத்தில் நின்றது. அவன் தோள் குலுங்கியது. அழுதான். பிறகு மெதுவாக, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை போல, ரிஞ்சைத் தரையில் வைத்தான்.

இவர் அவனை வீரமலை மேலிருந்து விலக்குவதற்காக, தடுமாறியபடி அவர்களை நோக்கி நடந்தார்.

ஸ்டீபன்ராஜுக்கு அது அப்படித் தெரியவில்லை. அவன் அந்த ஆட்டத்தை இங்கிலீஷில் கற்றவன். அவனுக்கு அது ‘ஃபோல்டு’. ‘மடி’ என்றால், செத்து மடி என்று தெருச் சண்டையில் சபிக்கிற மடி. அண்ணன் ‘சாகுடா’ என்று கத்துகிறான், தம்பி அடிக்கப் போகிறான், அண்ணனும் கூடச் சேர வருகிறான். இப்படித்தான் அவன் கண்ணுக்குப் பட்டிருக்கிறது.

குமார் கீழே வைத்த ரிஞ்சை அவன் எடுத்தான். இவருடைய பின்மண்டையில் அடித்தான்.

ஒரே அடிதான்.

இவர் குமாரின் மேல் சாய்ந்தார். கட்டிப்பிடிப்பது போலவே இருந்தது. குமாரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அணைத்தான். கையெல்லாம் ஈரமான பிறகுதான் அலறினான்.

“அக்கா, அவருதான்கா… அவருதான் மடின்னாரு… நீங்களும் கேட்டீங்கல்லக்கா?” ஸ்டீபன்ராஜ் ரிஞ்சைக் கீழே போட்டான். என்னிடம்தான் சொன்னான். பிறகு வீரமலையை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினான். தெருவில் ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

இவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆமாம், அதுவும் மடிதான். சேலைத் தலைப்பை மடித்து மடித்துக் காயத்தில் அழுத்தினேன். நனைந்துகொண்டே இருந்தது. அவர் கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. குமார் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். எண்ணை அழுத்த விரல் வழுக்கி, வழுக்கி, சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினான்.

லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு நேர் எதிரே திரை. அந்த ஆட்டத்தில், முறை வந்தும் ஆள் எதையும் அழுத்தாவிட்டால், நேரம் முடிந்ததும் கணினியே சீட்டை விலக்கிவிடும். சீட்டு விழும். யாரும் அழுத்த மாட்டார்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம். சீட்டு மறையும். அடுத்த சீட்டு விழும். டிக்.

அங்கே மற்றவர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு நாற்காலி காலியானது. இன்னொன்று. இவருடைய குவியல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆனால் தீரவில்லை. ஆள் இல்லாத அந்த இடம் மடித்துக்கொண்டே மேலே ஏறியது.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கினபோது திரையில் கலர் காகிதங்கள் பறந்தன. ‘மூன்றாம் இடம். கோவாவில் சந்திப்போம்!’

மிஞ்சினால் போதும் என்று சொன்னவர், மிஞ்சிவிட்டார்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. பக்கத்தில் புதுப் பாலத்துக்குத் தூண் போட்டிருந்த இடத்தில் வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். புத்தூர் பெரியாஸ்பத்திரியில் சக்கரம் வைத்த கட்டிலில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு டாக்டர் வெளியே வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, என் முன்னால் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே குமார் சுவரில் தலையை மோத ஆரம்பித்திருந்தான்.

“கீழ வச்சேனே அண்ணி. அதைக் கீழ வச்சேனே. கையிலயே வச்சிருந்தா அவன் எடுத்திருப்பானா?”

“தம்பி, உக்காருங்க,” என்றார் டாக்டர்.

“மடிடான்னாரு. மடிச்சேன். மடிச்சதுக்கா அண்ணி?”

அவனைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

சாயங்காலம் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் ஸ்டீபன்ராஜைப் பிடித்துவிட்டிருந்தார்கள். வீரமலையை வழியில் இறக்கிவிட்டானாம். அவன் இன்னும் கிடைக்கவில்லை.

“அந்தப் பையன் ஒண்ணு சொல்றாம்மா. உங்க வீட்டுக்காரர் ‘மடிடா’ன்னு கத்தினாராம். உங்க கொழுந்தன் வீரமலையைக் கொல்லப் போனாராம். தடுக்கத்தான் அடிச்சேங்கறான். ‘மடிடா’ன்னு கத்தினாரா, இல்லையா?”

“கத்தினாருங்க.”

“சாகுடான்னு.”

“இல்லைங்க. ஆட்டத்துல விலகறதுக்கு அவர் வச்ச பேருங்க அது. விட்டுடுடான்னு சொன்னாரு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. செத்தவனின் மனைவி வேறு என்ன சொல்வாள்?

கோரிடார் முனையில் ரங்கநாதன் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருமண் கலைந்திருந்தது. எப்படி வந்தார் என்று தெரியாது. சப்-இன்ஸ்பெக்டர் அவரைக் கூப்பிட்டார்.

“சாமி, நீங்கதானே மாடியில? அந்தக் கத்தல் கேட்டுதா?”

“நன்னா கேட்டுது.”

“என்னன்னு?”

“‘மடிடா’ன்னு.”

அவருக்கு உண்மை தெரியாது. அவர் வீட்டில் சீட்டாட்டம் நடந்ததே தெரியாது. நாங்கள் சொன்னதில்லை. சிரித்ததோடு சரி.

“மடின்னா என்ன சாமி அர்த்தம்? நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?”

ரங்கநாதன் அந்தக் கேள்வியே புரியாதவர் போலப் பார்த்தார்.

“இதென்ன கேள்வி? ஸ்ரீரங்கத்துல வந்து மடின்னா என்னன்னு கேக்கறேளே! மடின்னா தொடாதேன்னு அர்த்தம். அந்தப் பிள்ளைதான் ஆசாரத்துக்காரனாச்சே, தினம் சொல்லுவான். ‘தொடாதேடா, அவனைத் தொடாதே’ன்னுதான் தம்பிகிட்ட கத்தினான். வேற என்ன?”

சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

நான் முகத்தை மூடிக்கொண்டேன். எங்கள் கேலியைக் கடைசிவரை நிஜமென்று நம்பிய ஒரு மனிதர், தப்பான வழியில் போய்ச் சரியான இடத்தில் நின்றுவிட்டார். இவர் இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார். அந்த நினைப்பில்தான் அன்று முதல்முறையாக அழுகை வந்தது.

“தம்பிகிட்டயே கேட்டுடுவோம். அவர் காதுல என்னன்னு விழுந்துதுன்னு.” சப்-இன்ஸ்பெக்டர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

பெஞ்சு காலியாக இருந்தது.

கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பைக் உறுமியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் எங்கள் வாசலில் வந்து நிற்கிற சத்தம். வீரமலை எந்தப் பக்கம் போயிருப்பான் என்று போலீஸுக்குத் தெரியாமல் இருக்கலாம். தொட்டியத்துக்குப் போகிற சாலை குமாருக்குத் தெரியும்.

அவனை நிறுத்த ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதைச் சொல்கிறவர் உள்ளே வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருந்தார். அந்தச் சொல்லை அவனிடம் சொல்ல இனி நான் மட்டும்தான் மிச்சம்.

செருப்பை விட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு ஓடினேன்.

“மடிடா! குமாரு, மடிடா!”